ஆங்கில ஆசிரியராகப் போகிறவர்களுக்கு: இலக்கணத்தை எங்கே பிடிப்பது?

ஏ.எல். பெறுபேறு வந்து, நேர்முகத் தேர்வும் முடிந்து, கல்வியியல் கல்லூரியில் ஆங்கிலப் பாடநெறிக்குத் தெரிவாகிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாழங்குடாவோ, அட்டாளைச்சேனையோ, வெளி மாவட்டத்துக் கல்லூரியோ, எதுவானாலும் சரி. 2 வருடம் கல்லூரிக்குள்ளே படிப்பு, மூன்றாவது வருடம் ஏதாவது ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி, அதாவது வகுப்பெடுத்துப் பழகுவது. அந்த மூன்றாவது வருடத்தில் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் ஒரு தரம் 7 வகுப்பில் நிற்கும்போது ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், 'டிட்' போட்டா ஏன் 'வென்ட்' எழுதக் கூடாது?" என்று கேட்கும். சரியான விடை எது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஏன் என்பதுதான் வாயில் வராது.

நான் பார்த்த வரையில், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். காதால் கேட்டும், வாசித்தும், பாஸ்ட் பேப்பர் செய்து செய்தும் வந்த ஆங்கிலம் அது. இடைவெளி நிரப்பச் சொன்னால் கை தானாகவே சரியாக எழுதிவிடும். ஆனால் ஆசிரியருக்கு அது அரைவாசிதான். மற்ற அரைவாசி, தமிழ் பேசுகிற பிள்ளை எந்த இடத்தில் சறுக்கும், ஏன் சறுக்கும் என்பதை வகுப்புக்குப் போகும் முன்பே சொல்லத் தெரிவது. அதனால் பெயர்ச்சொல், பிரதிப்பெயர், பெயரடை என்று இலக்கணப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் தொடங்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. தமிழும் ஆங்கிலமும் எங்கே பிரிகின்றனவோ அங்கே தொடங்குங்கள்.

முதலில் பாடப் புத்தகம்

பெரிய இலக்கண நூல் வாங்க ஓடாதீர்கள். தரம் 6 முதல் 11 வரையான அரச ஆங்கிலப் பாடப் புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் அப்படித்தான். ஒரு பழைய கொப்பியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அலகிலும் எந்த இலக்கணம் வருகிறது என்று மட்டும் எழுதிக்கொண்டே போங்கள். பக்கத்தில் மூன்று விதமான அடையாளம் போடுங்கள்: எனக்குச் செய்ய வரும், எனக்கு விளக்க வரும், இரண்டும் வராது. இரண்டாவது அடையாளம் எவ்வளவு குறைவாக விழுகிறது என்று பார்த்தால் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். பரவாயில்லை, நீங்கள் படிக்க வேண்டியதன் பட்டியல் அதிலேயே வந்துவிடுகிறது. வகுப்பில் தேவைப்படாத அபூர்வமான விதிகளில் முதல் வருடத்தைத் தொலைக்கவும் மாட்டீர்கள்.

வாக்கியத்தின் எலும்புக்கூடு

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். தமிழ்ப் பாடத்தில் இதை ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள், அந்த அறிவை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள். "நாய் தம்பியைக் கடித்தது" என்றாலும் "தம்பியை நாய் கடித்தது" என்றாலும் கடி வாங்கியது தம்பிதான், ஏனென்றால் 'ஐ' உருபு தம்பியோடு ஒட்டிக்கொண்டு எங்கே போனாலும் கூடவே போகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அப்படி ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. யார் கடித்தது, யார் கடி வாங்கியது என்பதைச் சொல்லின் இடம்தான் சொல்கிறது. இடத்தை மாற்றினால் தம்பி நாயைக் கடித்துவிடுவான். இதை வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் கையில் அட்டையைக் கொடுத்து இடம் மாற்றி நிற்க வைத்துக் காட்டினால் போதும், ஒரு சிரிப்போடு விடயம் உள்ளே இறங்கிவிடும்.

இதோடு சேர்ந்து வருகிற இன்னும் இரண்டு வேறுபாடுகள். தமிழில் "வந்தான்" என்று ஒரு சொல்லில் நிறுத்தலாம், யார் என்பதை விகுதி சொல்லிவிடும். ஆங்கில வினை அவ்வளவு சொல்லாது, ஆகவே எழுவாயை விட முடியாது, சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் 'இட்' என்று ஒன்றைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும், மழை பெய்வதற்கும்கூட. அடுத்தது, "எங்கட அப்பா மீனவர்" என்பது தமிழில் வினையே இல்லாத முழு வாக்கியம். அதனால்தான் பிள்ளை "மை பாதர் பிஷர்மன்" என்று எழுதுகிறது. அது கவனக்குறைவு இல்லை, தமிழ் இலக்கணம் சரியாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். 'இஸ்' எங்கே என்று கத்துவதைவிட, தமிழில் தேவையில்லாத ஒன்று ஆங்கிலத்தில் கட்டாயம் வேண்டும் என்று ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவது பலன் தரும்.

வினைச்சொல்லுக்குத்தான் அதிக நேரம்

உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்கினாலும் தப்பில்லை.

பல டியூசன் வகுப்புச் சுவர்களில் 12 காலங்களின் அட்டவணை தொங்கும். ஞாபகத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அட்டவணையைப் பாடமாக்கிய பிள்ளைக்கு எந்தப் பெட்டியை எப்போது திறப்பது என்று தெரியாது. உண்மையில் மொழியியலாளர் பலர் ஆங்கில வினையின் வடிவத்தில் இரண்டே காலங்கள்தான், நிகழ்காலமும் இறந்தகாலமும், என்று சொல்கிறார்கள். எதிர்காலத்துக்கென்று தனி வினை வடிவம் இல்லை, 'வில்' போன்ற துணைவினைகளும் மற்ற வழிகளும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. மீதி எல்லாம் காலத்தோடு 'பீ', 'ஹேவ்' சேர்ந்து வருகிற கூட்டு. இப்படிப் பார்த்தால் 12 பெட்டி என்கிற பயம் பாதியாகக் குறையும்.

தமிழ்ப் பிள்ளைக்கு எங்கே இடிக்கிறது? "நான் போறன்" என்று நாம் சொல்வதை எடுங்கள். தினமும் போறன், இப்ப போறன், நாளைக்குப் போறன், எல்லாவற்றுக்கும் அதே "போறன்"தான். ஆங்கிலத்தில் தினமும் போவதற்கு 'ஐ கோ', இப்போது போய்க்கொண்டிருப்பதற்கு 'ஐ ஆம் கோயிங்', நாளைக்கு என்றால் பேசுகிறவரின் எண்ணத்தைப் பொறுத்து வேறு வேறு. ஒரு சொல்லை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறோம், அதனால்தான் "ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் எவ்ரிடே" வருகிறது. பாடம் தயாரிக்கும்போது மூன்று சூழலையும் தமிழில் சொல்லி, பிள்ளைகளையே வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க விடுங்கள். அதற்குப் பிறகு ஆங்கில வடிவத்தைப் பலகையில் எழுதுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

"வந்திருக்கிறார்" இன்னும் பொல்லாதது. 'ஹேஸ் கம்' என்பதற்கு அது கிட்ட வருகிறது என்று நம்பித்தான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் தமிழில் "நேற்று வந்திருக்கிறார்" என்று தாராளமாகச் சொல்லலாம், ஆங்கிலத்தில் முடிந்துபோன நேரத்தைக் குறிக்கிற 'யெஸ்டர்டே' வந்த உடனே 'ஹேஸ் கம்' விழுந்துவிடும், 'கேம்' என்றுதான் வர வேண்டும். தமிழ் ஒப்பீடு எவ்வளவு தூரம் வரும், எந்த இடத்தில் கைவிடும் என்று தெரிந்து வைத்திருப்பது ஆசிரியருக்கு முக்கியம்.

இனி அந்தத் தரம் 7 பிள்ளையின் கேள்வி. தமிழில் கேள்வி கேட்க 'ஆ' சேர்த்தால் போதும்: வந்தான், வந்தானா. ஆங்கிலத்தில் எங்கிருந்தோ ஒரு 'டிட்' வந்து குதிக்கிறது, வினையும் மாறிப்போகிறது. இதற்கு எனக்குப் பிடித்த வழி இது. பலகையில் 'ஹீ வென்ட்' என்று எழுதுங்கள். 'வென்ட்' என்பதற்குக் கீழே ஒரு பெட்டி வரைந்து, அதற்குள் 'டிட்', 'கோ' என்று இரண்டையும் எழுதுங்கள். 'வென்ட்' என்பதற்குள் இந்த இரண்டும் ஒளிந்திருக்கின்றன என்று சொல்லுங்கள். கேள்வி கேட்கும்போது 'டிட்' வெளியே வந்து முன்னால் போய் நிற்கிறது, பெட்டிக்குள் என்ன மீதி? பிள்ளைகளே "கோ" என்பார்கள். 'டிட் ஹீ கோ'. இறந்தகாலம் 'டிட்' கையோடு வெளியே போய்விட்டது, பிறகு எப்படி உள்ளேயும் இருக்கும்? 'ஹீ கோஸ்' என்பதிலும் இதே கதை: உள்ளே 'டஸ்', 'கோ'. 'டஸ்' வெளியே போகும்போது அந்த 'ஸ்' ஒலியும் அதோடு போய்விடும், ஆகவே 'டஸ் ஹீ கோ'. எதிர்மறைக்கும் இதுவே பொருந்தும். 'பீ' வினைகளும் 'கேன்', 'வில்' போன்றவையும் தாங்களே முன்னால் போகத் தெரிந்தவை, அவற்றுக்கு இந்த உதவி தேவையில்லை என்று அடுத்த நாள் சொல்லுங்கள். ஒரே நாளில் வேண்டாம்.

வினையை விட்டுப் போகும் முன் சின்னதாக ஒன்று. "நீ சாப்பிடல்லையா?" என்று கேட்டால் நாம் "ஓம், சாப்பிடல்ல" என்போம், கேட்டவர் சொன்னதோடு உடன்படுகிறோம். ஆங்கிலத்தில் சாப்பிடவில்லை என்றால் 'நோ'தான். நன்றாக ஆங்கிலம் பேசுகிற பெரியவர்களிடமும் கடைசிவரை இது தங்கிவிடும், உங்களிடம் இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

'அ', 'ஆன்', 'த'

தமிழில் இதற்கு நேரான ஆள் இல்லை. 'ஒரு' கொஞ்சத் தூரம் கூட வரும், பிறகு நின்றுவிடும். புத்தகங்களில் பக்கம் பக்கமாக விதிகள் இருக்கும், அவற்றைப் பாடமாக்குவதைவிட இரண்டு கேள்விகளைப் பழக்கப்படுத்துங்கள். இந்தப் பெயர்ச்சொல்லை ஒன்று, இரண்டு என்று எண்ணலாமா? நான் எதைச் சொல்கிறேன் என்று கேட்பவருக்குத் தெரியுமா? மட்டக்களப்பில் நின்றுகொண்டு 'த லகூன்' என்றால் எது என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஊருக்கே தெரியும். கல்லடியில் இருப்பவர் 'த பிரிட்ஜ்' என்றாலும் அப்படித்தான். அதையே கண்டியில் இருக்கிற ஒரு நண்பருக்கு எழுதும்போது "எங்கள் ஊரில் ஒரு வாவி இருக்கிறது" என்றுதானே தொடங்குவீர்கள்? அங்கே 'அ லகூன்'. அதே நீர், கேட்பவர்தான் வேறு. இந்த ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு நீண்ட தூரம் போகலாம்.

'அ' வருமா 'ஆன்' வருமா என்பதை எழுத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்காதீர்கள், ஒலியை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். வந்தாறுமூலையில் இருப்பது 'அ யுனிவர்சிட்டி', ஏனென்றால் அது 'யு' என்று தொடங்குகிறது. ஒரு மணித்தியாலம் 'ஆன் அவர்', எழுத்தில் என்ன இருந்தாலும் காதுக்கு அது உயிர் ஒலியில்தான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: இந்தப் பகுதி சரியாக வர வருடக்கணக்கு ஆகும். தரம் 6 கட்டுரையில் விடுபட்ட ஒவ்வொரு 'த'வுக்கும் சிவப்பு மை அடித்தால் பிள்ளை அடுத்த முறை நான்கு வரியோடு நிறுத்திக்கொள்ளும்.

முன்னிடைச்சொற்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் உருபு பின்னால் வரும், ஆங்கிலத்தில் முன்னால் வரும், அது எல்லோருக்கும் விளங்கும். எந்த வினையோடு எது சேரும் என்பதற்கு மட்டும் பெரும்பாலும் காரணம் கிடையாது, சேர்த்தே மனனம் செய்ய வேண்டியதுதான். "பற்றிக் கலந்துரையாடினோம்" என்கிற பழக்கத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுவதும், "அவரோட கலியாணம்" என்பதால் 'மேரி வித்' என்று எழுதுவதும் கல்லூரி ஒப்படைகளிலேயே வரும்.

பெயரெச்சம் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் இதுவும் சுலபம். "நேற்று வந்த பொடியன்" என்பதில் விளக்கம் முன்னால், பொடியன் பின்னால். ஆங்கிலத்தில் 'த போய்' முதலில் வந்துவிடும், 'ஹூ கேம் யெஸ்டர்டே' பின்னால் தொங்கும். தலைகீழ், அவ்வளவுதான். நீளமான ஆங்கில வாக்கியம் வாசிக்கும்போது மூச்சு முட்டுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் தலைகீழ்தான்.

பிழைக் கொப்பி

கற்பித்தல் பயிற்சிக்குப் பாடசாலைக்கு அனுப்பும் முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பி வையுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், பிழை மட்டும். பிள்ளை எழுதியது, அதற்குக் கீழே ஒளிந்திருக்கும் தமிழ் வாக்கியம், எப்படிக் காட்டித் திருத்தலாம், இந்த மூன்றும் போதும்.

'ஐ ஹேவ் டூ பிரதர்' என்று எழுதியிருக்கும். கீழே இருப்பது "எனக்கு ரெண்டு தம்பி". பேச்சில் எண் வந்தால் நாம் 'கள்' சேர்ப்பதில்லை, இரண்டு என்று சொன்ன பிறகு பன்மை எதற்கு? ஆங்கிலம் இரண்டு இடத்திலும் கேட்கும். 'புட் த லைட்' என்று இருக்கும், கீழே "லைட்டைப் போடு". 'மீ ஹங்கிரி' என்று ஒரு சின்னப் பிள்ளை சொல்லும், கீழே "எனக்குப் பசிக்குது", அந்த 'எனக்கு'தான் 'மீ' ஆகியிருக்கிறது. என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்!

எல்லாப் பிழையையும் தமிழின் தலையில் கட்டவும் கூடாது. 'கோ' என்பதற்கு இறந்தகாலம் 'கோட்' என்று ஒரு பிள்ளை சொன்னால், அது விதியைக் கற்றுக்கொண்டு எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் அதையேதான் செய்கிறார்கள். அது முன்னேற்றம், திட்டுவதற்குரிய விடயம் அல்ல. கொப்பியில் இவற்றை வேறு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு தவணை முடியும்போது எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால், அடுத்த தவணைக்கான பாடக்குறிப்பு அரைவாசி எழுதி முடிந்த மாதிரி.

"விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள்

கேட்டால் வகுப்பே சேர்ந்து "ஓம் மிஸ்" என்று இழுக்கும். அதில் ஒரு தகவலும் இல்லை. பொருள் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேறு கேள்விகள் வேண்டும், அவற்றை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போக வேண்டும், வகுப்பில் நின்று யோசித்தால் வராது. உதாரணமாக, முன்பு வாழைச்சேனையில் வசித்த ஒருவர் 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் வாழைச்சேனை' என்கிறார். பிள்ளைகளிடம் கேட்க வேண்டியவை: இப்போது அவர் அங்கே இருக்கிறாரா? முன்பு இருந்தாரா? ஒரு நாள் போய்த் தங்கினாரா, கொஞ்சக் காலம் இருந்தாரா? இல்லை, ஓம், கொஞ்சக் காலம் என்று மூன்று விடையும் வந்தால் விளங்கிவிட்டது. கேள்விக்குள் 'யூஸ்ட் டு' வரக் கூடாது, அது விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கிற மாதிரி. இந்தக் கேள்விகளை எழுதப் பழகுவதுதான் என்னைக் கேட்டால் ஆசிரியருக்கான மிகச் சிறந்த இலக்கணப் பயிற்சி, ஏனென்றால் அந்த வடிவத்தின் பொருளைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் கேள்வி எழுத முடியாது. உங்களுக்கே விளங்காத இடம் அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஒரு பாடவேளையில் ஒரு இலக்கணம், ஒரே ஒன்று. பொருள் முதலில், பிறகு வடிவம், பிறகு வாயால் சொல்லிப் பார்ப்பது, கடைசியில் எழுத்து. விளக்கம் சிக்கினால் ஒரு வாக்கியம் தமிழில் சொல்லிவிட்டுத் திரும்ப ஆங்கிலத்துக்கு வாருங்கள், அதில் குற்றவுணர்ச்சி தேவையில்லை. பாடவேளை முழுக்கத் தமிழில் ஆங்கில இலக்கண விரிவுரை நடத்துவது வேறு விடயம், நம் பாடசாலைகளில் அது கொஞ்சம் அதிகமாகவே நடக்கிறது.

விடுதியில் இரவு

நான்கு பேர் சேர்ந்தால் செய்யக்கூடிய ஒன்று. ஒருவர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து ஐந்தாறு வரியுள்ள ஒரு பந்தியைச் சாதாரண வேகத்தில் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் முதல் தரம் பேனாவைத் தொடக் கூடாது, இரண்டாம் தரம் முக்கியமான சொற்களை மட்டும் குறிக்கலாம். பிறகு மூவரும் சேர்ந்து அந்தப் பந்தியைத் திருப்பிக் கட்டி எழுத வேண்டும், கடைசியில் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். "இங்க 'ஹேட்' ஏன் வந்திருக்கு?" "ஏன் 'த' இல்லை?" என்று அப்போது வருகிற சண்டை இருக்கிறதே, விரிவுரையில் கிடைக்காதது அதில் கிடைக்கும். சண்டை தீராவிட்டால் அகராதியை எடுங்கள், அதுவும் ஆங்கிலம் கற்போருக்கென்று தயாரித்த அகராதி. எண்ணக்கூடிய பெயரா, எண்ண முடியாததா, எந்த வினைக்குப் பின்னால் என்ன வரும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் அதில் அடையாளம் இருக்கும். 'இன்பர்மேஷன்', 'அட்வைஸ்', 'பர்னிச்சர்' எதற்கும் பன்மை இல்லை என்று அதில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

போனில் பிழை திருத்தும் செயலி இருந்தால், அது கோடு போட்ட இடத்தில் உடனே அழுத்தாதீர்கள். என்ன பிழை, ஏன் பிழை என்று முதலில் நீங்கள் சொல்லிப் பாருங்கள். செயலியும் சில வேளை சரியானதைப் பிழை என்னும்.

கல்லூரிப் பரீட்சைக்குக் கலைச்சொற்கள் வேண்டும்தான்: குளோஸ் (வாக்கியத்துக்குள் வரும் உள்வாக்கியம்), பிரேஸ் (சொற்றொடர்), மோடல் ('கேன்', 'வில்' போன்ற துணைவினை), டிட்டர்மினர் ('அ', 'த' போன்றவை) இதெல்லாம். அவற்றைக் கடைசிக்கு வையுங்கள். விடயம் விளங்கிய பிறகு பெயர் ஒட்டுவதற்கு ஒரு வாரம் போதும், பெயர் மட்டும் தெரிந்தால் விடயம் விளங்க வருடம் போனாலும் போதாது.

விரிவுரையாளர் பின்வாங்கில் உட்கார்ந்து உங்கள் பாடத்தைக் கவனிக்கிற நாளில் ஒரு பிள்ளை பதில் தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்கும், அது நிச்சயம் நடக்கும். அந்த இடத்தில் விதி எதையும் புனைந்து சொல்லிவிடாதீர்கள். பலகையின் மூலையில் கேள்வியை எழுதிவிட்டு, "நல்ல கேள்வி மகன், நாளைக்குப் பார்த்து வந்து சொல்றன்" என்று பாடத்தைத் தொடருங்கள். இரவு அகராதி, நண்பர்கள், வலயக் கல்வி அலுவலகத்து ஆங்கில ஆசிரிய ஆலோசகர் என்று யாரையாவது பிடியுங்கள். அடுத்த நாள் மறக்காமல் விடையோடு போங்கள், பிள்ளை மறந்திருந்தாலும்.